தோட்டமும் நகராண்மைக் கழகமும்: கெடாவில் ஊராட்சியின் எல்லை

தமிழ் மேடைகளில் ஊராட்சி என்ற சொல் எழுந்த மாத்திரத்தில் உத்திரமேரூர் வந்து நிற்கும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபையார் கல்லில் வெட்டி வைத்த ஏற்பாடு குடவோலை முறை எனப்படுகிறது. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று ஊர்ப்பணியைப் பகுத்துக்கொண்டார்கள். கணக்குக் காட்டாது விலகியவனும் அவன் உறவினரும் மீண்டும் பொறுப்பேற்க இயலாது என்றும் விதித்தார்கள். பெருமைப்படத் தக்க செய்தியே. ஆயினும் அதே கல்வெட்டு, ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டியவனுக்கு உரிய தகுதிகளையும் கூறுகிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும்.

கெடாவின் தென்பகுதித் தோட்டங்களில் மூன்று தலைமுறையாக உழைத்த நம் முன்னோரை அந்த அளவுகோலில் நிறுத்திப் பார்ப்போம். மண் அவர்களுடையதன்று, குடியிருந்த லயமும் அவர்களுடையதன்று. உத்திரமேரூரில் பிறந்திருந்தாலும் அவர்களுடைய பெயர் ஓலையில் ஏறியிராது. ஊராட்சி என்பது எக்காலத்திலும் நிலத்தோடு பிணைந்தே வந்திருக்கிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஊராட்சி பேசும் மொழி எல்லைக்கல், பட்டா, வரைபடம், வரிப்பதிவேடு ஆகியவற்றின் மொழி. அப்பதிவுகளில் இடம்பெறாத குடியிருப்புக்கு அந்த மொழியில் பெயர் இல்லை. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குப்பை, சுடுகாடு போன்ற அன்றாடக் குறைகளுக்கு ஒரு தமனில் விடை கிடைப்பதும், அதற்கு அடுத்துள்ள தோட்டத்தில் கிடைக்காமற் போவதும் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தினால்தான். இதையே இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண முற்படுகிறோம்.

கெடா 1909ஆம் ஆண்டின் ஆங்கில-சயாம் உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் வந்தது. மாநிலத்தின் வடபகுதி நெல்வயல்களாக நிலைத்தது. கோல மூடா, கூலிம், பண்டார் பாரு, பாலிங் ஆகிய தென்மாவட்டங்களில் ரப்பர் பரவியது. ஹார்வர்ட், டப்ளின், ஹென்ரியட்டா, விக்டோரியா, ஸ்கார்பரோ, பத்து பெக்காக்கா என்னும் பெயர்களைக் கேட்டால் நம்முள் பலருக்குப் பிறந்த மண் நினைவுக்கு வரும். அத்தோட்டங்கள் தமக்குள் தாமே ஓர் அரசாக இயங்கின. துரை, கிராணி, மண்டோர், கங்காணி என்ற படிநிலைக்குள்ளேயே தண்ணீரும் மருந்தும் பள்ளியும் கள்ளுக்கடையும் வழக்குத் தீர்ப்பும் அடங்கிவிட்டன. லயத்தின் முன் ஓடும் சாக்கடை அடைத்துக்கொண்டால் மண்டோரிடம் சொல்வார்கள். அவர் கிராணியிடம் சொல்வார். விண்ணப்பம் என்று ஒன்று எழுத வேண்டிய தேவை எழவில்லை. குறையை அலுவலகத்திடம் சொல்லாமல் ஆளிடம் சொல்லும் பழக்கம் அங்கே ஊன்றியது. அந்த ஆள் நல்லவராக இருந்தால் காரியம் நடந்தது, இல்லையேல் இல்லை.

சொல்ல வேண்டிய ஆளே குறைக்குக் காரணமாக இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் கெடாவிலேயே சான்று உண்டு. போருக்குப் பின், 1946ஆம் ஆண்டளவில், ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை என்னும் இயக்கம் தென்கெடாத் தோட்டங்களில் பரவியது. கள்ளுக்கடை மறியல் அதன் முதற்பணி. குடும்பத்தின் கூலி கடையில் கரைவதை நிறுத்த வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. கள்ளுக்கடையோ தோட்ட ஏற்பாட்டின் ஓர் உறுப்பாகவே இருந்தது. 1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் பீடோங்கிலும் ஹார்வர்ட் தோட்டத்திலும் காவல்துறையோடு மோதல்கள் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. பலர் சிறை சென்றனர். இவ்வரலாற்றைத் தொழிற்சங்க வரலாற்றின் ஓர் இயலாகவே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். ஊராட்சி வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு என்பது நம் கருத்து. ஒரு கடையின் உரிமத்தை மறுபரிசீலிக்கக் கேட்கும் வாசல் ஒன்று அந்த மக்களுக்கு இருந்திருந்தால், அது ஒரு விண்ணப்பத்தோடு முடிந்திருக்கக்கூடிய காரியம். வாசல் இல்லாத இடத்தில் அது மறியலாயிற்று.

நாடு விடுதலை பெற்ற பின்னும் இந்த எல்லை அப்படியே நின்றது. தோட்டம் தனியார் நிலம். அதனுள் இருக்கும் சாலையும் சாக்கடையும் தனியாருடையவை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு பற்றிய பொறுப்பை, 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், முதலாளியின் மேல் வைக்கிறது. நீர், மின்சாரம், கட்டடப் பராமரிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கு நிர்வாகமே பொறுப்பு. அதைக் கண்காணிப்பது மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிலாளர் இலாகா. ஆகவே லயத்தில் குடியிருக்கும் ஒரு தொழிலாளி தம் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்றோ நகராண்மைக் கழகத்துக்கு எழுதினால், அக்கடிதம் தவறான வாசலைத் தட்டுகிறது. எழுத வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. இந்தச் சிறு செய்தி பரவலாகத் தெரிந்திருந்தால் எத்தனையோ கடிதங்கள் வீணாகியிரா.

இன்னொரு நுட்பமும் உண்டு. அச்சட்டம் தொழிலாளருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் உரியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அதே லயத்தில் நிர்வாகத்தின் இசைவால் தங்கியிருக்கும் முதியவர் எந்த இலாகாவின் ஏட்டிலும் தெளிவாக அடங்குவதில்லை. நிர்வாகத்துக்கு அவர் தொழிலாளர் அல்லர். ஊராட்சி மன்றத்துக்கு அவர் வரி செலுத்துவோர் அல்லர். தோட்டம் கைமாறும்போது முதலில் இடம்பெயர்வது இவர்கள்தாம்.

இது மலேசியாவுக்கே உரிய நிலை அன்று. இலங்கையின் மலையகத் தமிழர் வாழ்வில் இதே எல்லை சட்ட வாசகமாகவே நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பெருந்தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. மலையக மக்கள் வாக்களித்தார்கள். அவர்களுடைய உறுப்பினர்கள் சபையில் அமர்ந்தார்கள். ஆயினும் லயத்துக்குச் செல்லும் பாதையில் ஒரு வண்டி சரளைக்கல் கொட்டச் சபைக்கு அதிகாரம் இல்லை. 2018இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்திய பிறகே அத்தடை நீங்கியது. அங்கே வாக்கு இருந்தது, நிலம் தடுத்தது. இங்கே வாக்கும் இல்லை, நிலமும் இல்லை. இதை விளக்க நம் ஊராட்சியின் அமைப்பைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும்.

மலாயாவில் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நடந்தது. அந்நகரின் முதல் மேயராகப் பின்னர் அமர்ந்தவர் டி. எஸ். இராமநாதன் என்னும் தமிழர். 1950களிலும் 60களின் முற்பகுதியிலும் நாடெங்கும் நகர மன்றங்களுக்கும் உள்ளூர் மன்றங்களுக்கும் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் அவை நிறுத்திவைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் நடைமுறையை ஆராய அமைந்த அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை, அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பனின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும் என்று 1968இல் அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம், தன் 15ஆம் பிரிவால் தேர்தலை முற்றாக விலக்கியது. மலேசிய ஊராட்சித் தேர்தலின் வரலாற்றில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் முடிவில் ஒரு தமிழரும் நிற்கிறார்கள். நம் பள்ளி நூல்களில் இவ்விருவருக்கும் இன்னும் கூடுதலான வரிகள் ஒதுக்கப்படலாம்.

இன்று ஒரு மன்றத்தில் தலைவரோடு 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்கள் இருப்பார்கள். எல்லாரும் மாநில அரசின் நியமனம். அவர்களுடைய பதவிக்காலம் ஒரு நியமனத்துக்கு 3 ஆண்டுகளுக்கு மேற்படாது. யாரை நியமிக்கலாம் என்று 10ஆம் பிரிவு கூறுமிடத்தில் கூர்ந்து நோக்கத்தக்க ஒரு கருத்து உண்டு. பெரும்பான்மையினர் அந்த ஊராட்சிப் பகுதியில் வழக்கமாகக் குடியிருப்போராக இருக்க வேண்டும். ஊராட்சி அனுபவமோ தொழிற்சிறப்போ உடையவர்கள் மட்டுமன்றி, தம் சமூகத்தின் நலன்களை எடுத்துரைக்க வல்லவர்களும் அதற்கு உரியவர்கள் என்கிறது சட்டம். நடைமுறையில் இவ்விடங்கள் ஆளுங்கூட்டணிக் கட்சிகளுக்குப் பங்கிடப்படுவதும், ஆட்சி மாறினால் பட்டியல் மாறுவதும் யாவரும் அறிந்ததே. உறுப்பினர் எக்கட்சியினராயினும், அவர் அமர்ந்திருப்பது சமூகத்தின் பேராளர் என்ற சட்டத் தகுதியால் என்பதை அவரிடமே மரியாதையாக நினைவூட்டுவதில் தவறில்லை.

கெடாவில் இம்மன்றங்கள் பலதரத்தன. அலோர் ஸ்டார் 2003இல் மாநகரத் தகுதி பெற்றது. சுங்கை பட்டாணி, கூலிம், கூபாங் பாசு, லங்காவி ஆகியவை நகராண்மைக் கழகங்கள். பாலிங், சிக், யான், பெண்டாங், பாடாங் தெராப், பண்டார் பாரு ஆகியவற்றுக்கு மாவட்ட மன்றங்கள். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா தனக்கென ஓர் ஊராட்சி அமைப்பையே வைத்திருக்கிறது. கடைத்தெருவும் தொழிற்சாலையும் நிறைந்த சுங்கை பட்டாணிக்குக் கிடைக்கும் வரி வருவாய் சிக் போன்ற மலையோர மாவட்டத்துக்குக் கிடைக்காது. ஆதலின் சிறிய மன்றங்கள் மாநில, மத்திய அரசுகளின் மானியத்தையே பெரிதும் எதிர்பார்த்திருக்கும். ஒரு மன்றத்தின் மெத்தனம் என்று நமக்குத் தோன்றுவது சில வேளைகளில் அதன் வெறும் பையாகவும் இருக்கலாம்.

தோட்டத்தை விட்டு நகர்ப்புறத் தமன்களுக்கு வந்த நம் குடும்பங்கள் இங்கே முதன்முறையாக ஊராட்சியைச் சந்தித்தன. சந்தித்த இடத்திலேயே குழப்பமும் தொடங்கியது. தோட்டத்தில் எல்லாக் குறைக்கும் ஒரே வாசல். இங்கே ஒரே தெருவில் ஐந்தாறு வாசல்கள். வீட்டு முன்னுள்ள சிறு சாக்கடை நகராண்மைக் கழகத்துக்கு உரியது. அச்சாக்கடை சென்று விழும் ஆறும் பெருங்கால்வாயும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. நெடுஞ்சாலை பொதுப்பணி இலாகாவின் கையில் உள்ளது. குழாய்நீர் ஷரிக்காட் ஆயிர் டாருல் அமான் நிறுவனத்தின் பொறுப்பு. குப்பையோ, 2011 செப்டம்பர் 1 முதல் கெடாவில் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டத்தின் கீழ் சென்றுவிட்டது. அள்ளுவது உரிமம் பெற்ற நிறுவனம். மேற்பார்வையிடுவது அதற்கெனவுள்ள கூட்டரசுக் கழகம். குப்பை வண்டி வரவில்லை என்று மன்ற உறுப்பினரைக் கடிந்துகொள்வோர் இன்றும் உண்டு. அவரால் இயன்றது அந்தப் புகாரை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது மட்டுமே.

புதிய தமன்களில் மற்றொரு சிக்கல். வீடமைப்பாளர் சாலைகளையும் சாக்கடைகளையும் விளக்குகளையும் மன்றத்திடம் முறையாக ஒப்படைக்கும் வரை அவை வீடமைப்பாளரின் பொறுப்பிலேயே இருக்கும். வீட்டில் குடியேறி ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒப்படைப்பு நிகழாத தமன்கள் நாட்டில் பலவுண்டு. ஆதலால் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதும் முன், இத்தமன் ஒப்படைக்கப்பட்டுவிட்டதா என்று ஒரு வரியில் கேட்டுத் தெளிவது நன்று. ஒப்படைக்கப்பட்டிருந்தால், விளக்குக் கம்பத்தில் எழுதியுள்ள எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். கம்ப எண் இல்லாத புகாரைப் பெறும் பணியாளர், இரவில் தெருத்தெருவாக விளக்கைத் தேட மாட்டார். மலிவுவிலை அடுக்குமாடியில் வாழ்வோர் நிலை வேறு. அங்கே மாடிப்படி, மின்தூக்கி, நீர்த்தொட்டி ஆகியன கழகத்துக்கு உரியவை அல்ல. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி மேலாண்மைச் சட்டப்படி அவை வீட்டு உரிமையாளர்களின் கூட்டுச் சொத்து. கூட்டு நிர்வாக அமைப்பே அவற்றுக்குப் பொறுப்பு. அதன் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்துகொண்டு மின்தூக்கியைப் பற்றிக் குறைப்படுவதில் பயனில்லை.

வரியைப் பற்றியும் தெளிவு வேண்டும். நம்மவர் பேச்சில் சுக்காய் தானாவும் சுக்காய் பிந்துவும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முன்னது நில வரி. அது மாநில அரசுக்கு உரியது. நில அலுவலகத்தில் செலுத்துவது. பின்னது மதிப்பீட்டு வரி. ஊராட்சி மன்றத்துக்கு உரியது. ஆண்டில் இருமுறை, பிப்ரவரி முடிவுக்குள்ளும் ஆகஸ்டு முடிவுக்குள்ளும் செலுத்துவது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பின் மேல் இவ்வரி விதிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, மாத வாடகை 500 வெள்ளி பெறத்தக்க வீட்டின் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. மன்றத்தின் விகிதம் 10 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டு வரி 600, அரையாண்டுக்கு 300. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். 35 விழுக்காட்டை மீறலாகாது என்பது சட்டத்தின் உச்சவரம்பு. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வெளிவரும்போது, மதிப்பு மிகையாக இருப்பதாகக் கருதுவோர், பட்டியலைத் திருத்துவதற்குக் குறித்த நாளுக்கு 14 நாளேனும் முன்னதாக எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம் என்று 142ஆம் பிரிவு கூறுகிறது. மறுப்பை மன்றம் கேட்டாக வேண்டும். அதன் முடிவில் நிறைவு இல்லையெனில் உயர்நீதிமன்றம் வரை செல்லலாம். காப்பிக்கடையில் வரியைத் திட்டுவதற்குக் காலவரம்பு இல்லை, மறுப்புக்கு உண்டு.

வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் இடத்துக்கும், உரிமம் பெற்ற பொது இடுகாட்டுக்கும், அறநோக்கிலோ இலக்கிய நோக்கிலோ ஆதாயமின்றி நடைபெறும் பொது இடத்துக்கும் மாநில அரசு விரும்பினால் இவ்வரியிலிருந்து விலக்களிக்க 134ஆம் பிரிவு இடந்தருகிறது. கோயில் நிர்வாகங்களும் தமிழ்ச் சங்கங்களும் இதை அறிந்திருக்க வேண்டும். விலக்குத் தானாக வாராது. விண்ணப்பித்தே பெற வேண்டும்.

மன்றக் கூட்டங்களைப் பொறுத்தவரை ஒரு செய்தியைக் கூறினால் பலர் வியப்பர். முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. பேச உரிமை இல்லை, அமர்ந்து கேட்க உரிமை உண்டு. தேர்தல் இல்லாத ஊராட்சியில் குடிமக்களுக்கு எஞ்சியிருக்கும் சில வாசல்களுள் இது ஒன்று. தமிழ் நாளிதழ்களின் வட்டாரச் செய்தியாளர்கள் இந்த வாசலை இன்னும் அடிக்கடிப் பயன்படுத்தலாம்.

மொழி அறிந்தோர் செய்யத்தக்க பணியும் இங்கே இருக்கிறது. மன்றத்துக்கு எழுதும் கடிதம் தேசிய மொழியில் அமைவதே நடைமுறை. தோட்டத்தில் வளர்ந்து நகருக்கு வந்த முதியோர் பலருக்கு மலாய் பேச வரும். அலுவலகக் கடிதம் எழுத வராது. ஆகவே அவர்கள் மீண்டும் ஓர் ஆளைத் தேடுகிறார்கள்: கட்சிக் கிளைத் தலைவரையோ கோயில் தலைவரையோ. அவரும் பெரும்பாலும் தொலைபேசியில் சொல்லிவிடுவார். சொன்ன சொல்லுக்குப் பதிவு எண் கிடையாது. எழுதிய கடிதத்துக்கு ஒரு மேற்கோள் எண் உண்டு. மறுகடிதத்தில் அந்த எண்ணைக் காட்டினால் கோப்பு மீண்டும் மேசைக்கு வரும். ஆளிடம் சொல்லும் பழக்கம் தோட்டத்தில் வேறு வழியின்மையால் வந்தது. நகரிலும் அதுவே தொடர்வதற்கு அவசியம் இல்லை. மதிப்பீட்டு வரி, ஒப்படைப்பு, அரசிதழ், ஒதுக்கீட்டு நிலம் போன்ற சொற்களை மலாய்ச் சொல்லோடு இணைத்து ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் கொடுத்தாலே பாதிப் பாதை கடந்துவிடும்.

இனி, நெஞ்சைத் தொடும் ஒன்றைக் கூற வேண்டும். அது சுடுகாடு. கெடாத் தோட்டங்கள் ஒவ்வொன்றிலும் ரப்பர் நிரைகளின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் இடுகாடாக இருந்தது. துரை வாய்மொழியாக ஒதுக்கியது. பின்வந்த நிர்வாகங்களும் மதித்து விட்டுவைத்தவை. ஆனால் நிலப்பட்டாவில் அது தோட்டத்தின் ஒரு பகுதிதான். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி, பொதுப்பயனுக்கென ஒரு நிலத்தை ஒதுக்கி அரசிதழில் அறிவிக்க மாநில அரசால் இயலும். அவ்வாறு ஒதுக்கத்தக்கது அரசு நிலமே. தனியார் பட்டாவுக்குள் அடங்கிய கல்லறைக்கு இப்பாதுகாப்பு இல்லை. தோட்டம் விற்கப்பட்டால் கல்லறையும் உடன் விற்கப்படுகிறது. அதன் மேல் நிற்கும் மாரியம்மன் கோயிலுக்கும் முனியாண்டி மேடைக்கும் இதே நிலைதான். நூறாண்டு வழிபாடு என்று நாம் வாதிடுவோம். நில அலுவலகத்தின் ஏட்டில் அந்த நூறாண்டுக்கு ஒரு வரி கூட இராது.

மண்ணை விலைகொடுத்து வாங்குவதே இதற்கு விடை என்று கண்டவர் துன் வீ. தி. சம்பந்தன். 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்தபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டி அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். அவ்வழி எல்லாத் தோட்டங்களுக்கும் எட்டவில்லை. எட்டாத இடங்களில் சட்டம் தரும் இடைவெளிகளையே நாட வேண்டியிருக்கிறது.

அவ்விடைவெளிகள் தோட்டம் தோட்டமாக இருக்கும் வரை தென்படுவதில்லை. அது வேறொன்றாக மாறும் தறுவாயில் தென்படுகின்றன. 40 எக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்து விற்க, தேசிய நிலச் சட்டத்தின்படி தோட்ட நில வாரியத்தின் இசைவு வேண்டும். விவசாய நிலத்தை வீடமைப்புக்கோ தொழிற்சாலைக்கோ மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். அதை ஆராயும் ஒரே மைய முகப்பிடக் குழுவுக்கு மன்றத் தலைவர் தலைமை தாங்குகிறார். மன்ற உறுப்பினர்கள் சிலரும் அதில் அமர்கிறார்கள். இக்கட்டத்தில் உடைமையாளர் சாலைக்கும் சாக்கடைக்கும் திறந்தவெளிக்கும் நிலம் விட்டாக வேண்டும். அந்த வரைபடத்தில் இடுகாட்டையும் கோயில் மனையையும் தனித் துண்டுகளாகக் காட்டி அரசிடம் ஒப்படைக்கச் செய்தால், அவை அரசு நிலமாகி, பின்னர் ஒதுக்கீட்டு நிலமாக அரசிதழில் ஏற வழி பிறக்கும். வரைபடம் ஒப்புதல் பெற்று, மனைகள் விலைபோன பின் கேட்டால், கேட்பது இன்னொருவர் வீட்டு முற்றத்தையாக இருக்கும்.

அதற்கும் முந்திய வாய்ப்பு ஒன்றுண்டு. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வட்டாரத் திட்டம் ஒன்று வகுக்கப்படுகிறது. எந்த நிலம் வீடு, எது தொழில், எது இடுகாடு என்று அதன் வண்ண வரைபடம் காட்டும். முன்வரைவு வெளியானதும் பொதுமக்கள் பார்வையிட்டு மறுப்போ கருத்தோ எழுதக் குறைந்தது நான்கு வாரம் தரப்படும். எழுதியவர் நேரில் கேட்கப்படவும் கோரலாம். அந்த அறிவிப்பு நாளிதழ்களின் உட்பக்கத்தில் சிறு எழுத்தில் வரும். மன்றத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். தோட்டத்து இடுகாட்டின் நீள அகலம், அதன் நிலத்துண்டு எண், எத்தனை குடும்பங்கள் இன்னும் அதைப் பயன்படுத்துகின்றன, மிகப் பழைய கல்லறைக் கல்லில் உள்ள ஆண்டு எது என்ற விவரங்களைத் தொகுத்து, புகைப்படத்தோடு அந்நான்கு வாரத்துக்குள் கொடுத்தால் அது கோப்பில் ஏறும்.

ஊராட்சிச் சட்டத்தின் இடுகாடு, சுடுகாடு பற்றிய பகுதி, மன்றம் தானே அவற்றை அமைக்கவும், பிறர் நடத்துவனவற்றுக்கு உரிமம் வழங்கவும் அதிகாரம் தருகிறது. கோயில் நிர்வாகமோ மரணச் சகாய நிதிச் சங்கமோ, உடைமையாளரின் எழுத்து இசைவோடு இவ்வுரிமத்தை நாடினால், உரிமப் பதிவேட்டில் அந்த நிலத்துக்கு முதன்முறையாக ஒரு பெயர் கிடைக்கும். எழுத்து இசைவைப் பெறுவதற்கு உகந்த காலம், தோட்டம் இன்னும் பழைய நிர்வாகத்தின் கையில் இருக்கும் காலம். பாடாங் செராய், லூனாஸ், பீடோங் வட்டாரங்களில் அத்தகைய தோட்டங்கள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன.